பின் அறைக்கு ஒரு பழைய ரவுட்டர்

கம்பி அண்ணன் என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. இருபத்தாறு வருஷம் தொலைபேசி லைன்மேனாக வேலை பார்த்தவர். ஆளும் கம்பி போல ஒல்லி, தொட்டதும் கம்பி வேலை. பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. கம்பத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டே கீழே நடந்து போகிறவர்களிடம் குடும்பக் கதை கேட்கிற வாய் அவருக்கு. அந்த வாய்தான் ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

கால் திரும்பி வந்தது. வலது கை பாதி வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. புத்தியில் ஒரு குறையும் இல்லை, சொல்ல நினைப்பது அவருக்கு நன்றாகத் தெரியும், சொல்தான் அகப்படவில்லை என்று மருத்துவர் விளக்கினார். எதைத் தேடினாலும் ‘சாவி’ என்ற ஒரே சொல்தான் வந்து விழுந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் சாவி, ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் சாவி.

அவர் மனைவி ரொட்டி ஆலையில் பாக்கிங் பிரிவு மேற்பார்வையாளர். நாள் முழுக்க லேபிளையும் தேதியையும் சரிபார்க்கிற கண். ஒரே மாதத்தில் சாவியில் இருபது வகை கண்டுபிடித்துவிட்டாள். இழுத்துச் சொன்னால் பசி. வெட்டிச் சொன்னால் டிவி சத்தத்தைக் குறை. தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னால், நீ உட்கார், நான் பார்த்துக்கொள்கிறேன். ஒருநாள் ஆலையில் கத்தரிக்கோலைக் கேட்க வந்தவள் “அந்தச் சாவியை எடு” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பேச்சுப் பயிற்சி நிலையம் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. அதனால் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வகுப்பு என்று ஏற்பாடாயிற்று. செவ்வாயும் வெள்ளியும் மாலை நாலு மணி. பயிற்சி டீச்சர் சின்ன வயசுக்காரி, நிதானமானவள். ஒரு படத்தைக் காட்டிவிட்டு, எத்தனை நேரமானாலும் அவர் சொல்லும்வரை சிரித்த முகமாகக் காத்திருப்பாள்.

சிக்கல் டீச்சரிடம் இல்லை. இன்டர்நெட் பெட்டி முன் அறையில் இருந்தது. தெருவிலிருந்து வருகிற வயர் அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே நுழைந்தது. பெட்டியும் அங்கேயே சுவரில் குந்திக்கொண்டது. பின் அறைக்கும் அதற்கும் நடுவில் சமையலறையின் தடித்த சுவர், குளியலறைச் சுவர், ஓர் இரும்பு பீரோ. சிக்னல் பீரோவைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிச் செத்துப்போகும். ஆகவே வகுப்பும் முன் அறையில்தான் நடந்தாக வேண்டும். முன் அறையில் அக்கா இருந்தாள்.

அக்கா என்றால் அவருடைய உடன்பிறந்த அக்கா, அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். நாலு வீடு தள்ளி இருந்தாள். முப்பது வருஷம் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த பஸ் எங்கே நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று மைக்கில் சொல்லிச் சொல்லியே பழகிய நாக்கு. எங்காவது ஓர் இடைவெளி விழுந்தால் அதை நிரப்பாமல் விட அவளால் முடியாது. தம்பி மேல் உயிர். மூன்றரைக்கே வந்து சோபாவில் இடம் பிடித்துவிடுவாள்.

டீச்சர் சீப்புப் படத்தைக் காட்டுவாள். அவர் உதட்டைக் குவிப்பார், நெற்றியைச் சுருக்குவார். “சீ...” என்று ஏதோ கிளம்பும். அதற்குள் அக்கா, “சீப்பு! சீப்புன்னு சொல்றான்!” என்பாள். அடுத்தது குடம். “கு... குடம்தானே? தெரியும் அவனுக்கு.” டீச்சர் இரண்டு முறை தன்மையாகச் சொல்லிப் பார்த்தாள். அக்கா வாயை மூடிக்கொள்வாள். ஆனால் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொள்ளும், மூக்கை உறிஞ்சுவாள், அது இன்னும் மோசம். நாலாவது வகுப்பில் அவர் பேசாமல் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய், பின் அறையில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் வகுப்பே இல்லை. டீச்சர் போன் செய்தபோதெல்லாம் மனைவிதான் ஏதேதோ சாக்கு சொன்னாள். அண்ணி என்று அவள் கூப்பிடுகிற அந்த நாத்தனாரிடம் வராதீர்கள் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த பதினெட்டு நாளும் பக்கத்தில் தரையில் படுத்துக்கிடந்தவள் அக்காதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆலையில் மெஷின் பழுது. வழக்கத்தைவிட முன்னதாகவே ஆலை வேன் மனைவியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தால் முன் அறையில் லேப்டாப்பைக் காணோம். பின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தாள்.

அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் லேப்டாப். அவராகவே தூக்கிக்கொண்டு வந்து, அவராகவே டீச்சரை அழைத்திருக்கிறார். திரையில் டீச்சர் ஒரு தேநீர்க் கோப்பைப் படத்தைப் பிடித்துக்கொண்டு, புருவம் உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். “சா... சா...” என்று அவர் முயன்றுகொண்டிருந்தார். நிறுத்துவார், எச்சில் விழுங்குவார், மறுபடி ஆரம்பிப்பார். டீச்சரின் சிரிப்பு மாறவில்லை. கண் இமைக்கவில்லை. அப்போதுதான் மனைவிக்குப் புரிந்தது: சிக்னல் போய்ப் படம் உறைந்து எவ்வளவு நேரம் ஆனதோ. அந்தப் பொறுமையான முகம் தனக்காகக் காத்திருக்கிறது என்று நம்பி அவர் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

அவள் உள்ளே போகவில்லை. பூனை போலப் பின்வாங்கி, வாசலுக்கு வந்து, செருப்பைச் சத்தமாக உதறிவிட்டு, இப்போதுதான் வருகிறவள் போல மறுபடி நுழைந்தாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் பழைய மின்சாதனக் கடைக்குப் போனாள். ரிப்பேர் மேஜை, அதற்குப் பின்னால் தரையிலிருந்து கூரைவரை அலமாரி; அதில் வெள்ளையும் கறுப்புமாக ரவுட்டர்கள் கொம்பை நீட்டிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வயரின்றி வீடு முழுக்க இன்டர்நெட்டைப் பரப்புகிற அந்தப் பெட்டிகளில் ஒன்று, பழசானாலும் பரவாயில்லை, விலை குறைவாக வேண்டும் என்றாள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வீட்டின் அமைப்பை விசாரித்தார். அவள் மேஜையில் விரலாலேயே வரைந்து காட்டினாள். இங்கே பெட்டி, இங்கே சுவர், இங்கே பீரோ.

“வேகம் நிறைய வேணுமா? பசங்க கேம் ஆடுவாங்களா?”

“என் வீட்டுக்காரர் பேசணும்” என்றாள் அவள்.

“பேசுறதுக்குத்தானே? பழசே தாராளம்மா. வேகத்தைவிட நிலையா நிக்கிறதுதான் முக்கியம்.”

அவர் எடுத்துத் தந்தது வெயிலில் பழுப்பேறிய ஒரு வெள்ளைப் பெட்டி. இரண்டு கொம்பு, பின்னால் ஒரு நீல ஓட்டை, நாலு மஞ்சள் ஓட்டை. பழைய பெட்டி, இதற்குப் புதுப் பாதுகாப்பு எதுவும் வராது, அதனால் தெரு வயரை நேராக இதில் சொருகாதீர்கள் என்று எச்சரித்தார். முன் அறைப் பெட்டி வாசலில் காவல் நிற்கட்டும், இது அதற்குப் பின்னால் உள்ளே இருந்து வேலை செய்யட்டும். முன் பெட்டியிலிருந்து ஒரு நீள வயரைப் பின் அறைவரை இழுத்து இதன் மஞ்சள் ஓட்டையில் குத்தினால் போதும், நீலத்தின் பக்கமே போக வேண்டாம் என்றார். பிறகு தன் மேஜையிலேயே மின்சாரம் கொடுத்து, ஒரு குட்டிப் பித்தானைப் பின்னூசியால் அழுத்திப் பழைய கணக்கையெல்லாம் அழித்து, எதையெதையோ மாற்றினார்.

“வீட்டுல ஒரு பெட்டிதான் போன், லேப்டாப் எல்லாத்துக்கும் அடையாள நம்பர் கொடுக்கணும். ரெண்டும் கொடுத்தா சண்டை வரும். அதான் இதோட வாயை அடைச்சு வச்சிருக்கேன்.”

அண்ணிக்கு இப்படி ஒரு பித்தான் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டாள். ஒரு பீப்பாயில் கிடந்த அடாப்டர்களில் ஒன்றைத் துழாவி எடுத்து, முனையைச் சொருகிப் பார்த்து, பொருந்துகிறது என்று பையில் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். வயர் சுருளும் ஆணி கிளிப்புகளும் தனிப் பொட்டலம்.

வழியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. கம்பி இழுப்பது அவர் தொழில். அவரைக் கேட்காமல் வாங்கினால், என்னை ஒரு பொருட்டாக நினைக்கவில்லையா என்று மனசு நோகும். கேட்டால், பதில் சொல்ல முடியாமல் அதைவிட நோகும். தானே மாட்டிவிட்டு, தானாக வேலை செய்கிறது என்பது போல இருந்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள்.

பெட்டி ஒத்துழைக்கவில்லை. பின் அறையில் பீரோவுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்து மின்சாரம் கொடுத்தாள். பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. எல்லாம் ஒருசேர அணைந்தன. மறுபடி எரிந்தன. மறுபடி அணைந்தன. தட்டிப் பார்த்தாள், பிடுங்கிச் சொருகினாள். அதே கதை. இதற்குள் அக்கா வந்து, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், பழைய சாமானை யாராவது வாங்குவார்களா, நாளைக்கே கொண்டுபோய் அவன் முகத்தில் எறியலாம் வா என்று நிற்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கட்டிலில் படுத்திருந்த அவர் எழுந்து உட்கார்ந்தார். அவர் மெதுவாக நடந்து வந்து, சுவரிலிருந்து அடாப்டரை இடது கையால் பிடுங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டியைக் கவிழ்த்து அதன் வயிற்றுப் பக்கத்தையும் பார்த்தார்.

“சாவி” என்றார்.

அவளுக்குத் தெரிந்த இருபது வகையில் அது எதுவும் இல்லை.

“சூடாயிருக்கா? உடைஞ்சிருக்கா? ஷாக் அடிக்குதா?” என்று அக்கா அடுக்கினாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். பெட்டியின் வயிற்றில் விரலை வைத்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, எண்ண ஆரம்பித்தார்.

“ஒண்ணு... ரெண்டு... மூணு...”

“மூணா? மூணாவது ஓட்டையா?”

எண்ணிக்கை அறுந்துவிட்டது. அவர் தலையை உதறினார். முகம் சிவந்தது. லேப்டாப்பை மூடிய அன்று இருந்த அதே முகம். ஆனால் அவர் திரும்பிப் போகவில்லை. விரல் பெட்டியை விட்டு நகரவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தில் கொஞ்சம் தடுக்கி ஆறுக்குத் தாவினார். ஏழில் அக்காவின் உதடு பிரிந்தது. மனைவி அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். அக்கா அவளைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். மற்றொரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“...பத்து... பதினொண்ணு... பன்னெண்டு.”

நிறுத்தினார். பெட்டியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். அப்புறம் அடாப்டரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து ஏறினார். இந்த முறை ஒன்பதில் நிறுத்தினார்.

லேபிள் பார்க்கிற கண்ணுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள்: பன்னிரண்டு வோல்ட். அடாப்டரில் ஒன்பது.

“இது பன்னெண்டு கேக்குது, அது ஒம்பதுதான் கொடுக்குது. அதான் எழுந்து எழுந்து விழுது. அதானே?”

அவர் பெருமூச்சு விட்டுத் தலையசைத்தார். ஏழு மாதத்தில் முதல் முறையாக அவர் சொல்ல நினைத்த ஒரு விஷயம், யாரும் யூகிக்காமல், அவர் வாயாலேயே வந்து சேர்ந்திருந்தது. பன்னிரண்டை நேராகப் பிடிக்க முடியாதென்று தெரிந்து, ஒன்றிலிருந்து படி ஏறிப் போய்ப் பிடித்திருக்கிறார். கம்பம் ஏறிய ஆள்தானே.

அக்கா வாயிலிருந்து கையை எடுத்தாள். “நான் பாதியிலயே நிறுத்திட்டேன், இல்ல?” என்று சின்னக் குரலில் கேட்டாள். மனைவி அவள் கையை விடாமல் வைத்திருந்தாள்.

அவர் கட்டிலுக்கடியில் குனிந்தார். ஏழு மாதமாகத் தொடாமல் கிடந்த தோல் பையை இழுத்தார். தூசி கிளம்பி மூன்று பேரும் தும்மினார்கள். உள்ளே ஒரு பிஸ்கட் டின், டின் நிறைய அடாப்டர்கள், ஒவ்வொன்றின் வாலிலும் அவர் கையெழுத்தில் ஒரு துண்டு டேப். பன்னிரண்டு என்றிருந்ததை எடுத்து, வோல்ட்டும் முனையும் சரிபார்த்து, சொருகினார். விளக்குகள் எரிந்தன. மூன்று பேரும் அணையும் அணையும் என்று பார்த்துக்கொண்டே நின்றார்கள். அணையவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது முழுக்க அவர் ராஜ்ஜியம். மனைவி நாற்காலிமேல் ஏறினாள், அக்கா வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டாள், அவர் கீழே நின்று கையால் நடத்தினார். வயர் நிலைப்படி ஓரமாகப் போக வேண்டும், குறுக்கே தொங்கக் கூடாது. மூலையில் நறுக்கென்று மடிக்கக் கூடாது, வளைத்து விட வேண்டும். அவள் கிளிப் ஆணியைக் கோணலாக அடித்தபோது “ச்ச்” என்று உச்சுக் கொட்டினார். கல்யாணமான புதிதில் அவள் வெங்காயம் நறுக்கும்போது கொட்டிய அதே ச்ச். அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “எனக்கு ரொட்டியை அடுக்கத்தாங்க தெரியும், ஆணி அடிக்கத் தெரியாது” என்றாள். அவர் அவள் முழங்காலை இடது கையால் பிடித்துக்கொண்டார். நாற்காலி ஆடாமல் இருக்கத்தான்; ஆனால் ஆணி அடித்து முடிந்தபிறகும் அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

அக்கா சுருளோடு குளியலறை வழியாகச் சுற்றி வந்து, தன்னையும் சேர்த்துக் கதவோடு கட்டிக்கொண்டு, என்னை யாராவது அவிழ்த்து விடுங்கள் என்றாள். வேலை முடிய இருட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை மனைவி அரை நாள் லீவு போட்டிருந்தாள். மூன்றரைக்கு வழக்கம்போல அக்கா வந்தாள். நாலு மணிக்கு அவர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போனார். கையில் சாமான் இருந்ததால் குதிகாலால் கதவைத் தள்ளிச் சாத்தினார்.

முன் அறையில் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி ஒரு தட்டில் பீன்ஸைக் கொட்டிக்கொண்டு வந்தாள். அக்காவும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டாள். இருவரும் நறுக்க ஆரம்பித்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது, சொல் கேட்கவில்லை. நின்றது. தொடர்ந்தது. அக்காவின் கத்தி நின்றது.

“ஏதோ சொல்ல வர்றான்.”

“வரட்டும் அண்ணி.”

“நான் போகல. சும்மா சொன்னேன்.” அக்கா பீன்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “சின்ன வயசுல இவன் பேசவே லேட்டு. மூணு வயசுவரைக்கும் நான்தான் இவனுக்காக எல்லார்கிட்டயும் பேசுவேன். அந்தப் பழக்கம் போகல.”

மனைவிக்கு இது இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லாத கதை. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அண்ணிக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். பின் அறையிலிருந்து டீச்சரின் சிரிப்பு கேட்டது. நடுவில் அறுபடாத, முழுச் சிரிப்பு. தொடர்ந்து அவருடையதும்.

நாற்பது நிமிஷம் கழித்து அவர் வெளியே வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. இருவருக்கும் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என்னடா சொல்லிக்கொடுத்தாங்க? படமா? பழம் பேரா? கிழமையா?” அக்காவுக்கு அடக்க முடியவில்லை.

அவர் இடது உள்ளங்கையை உயர்த்தினார்.

“கொஞ்சம்... இரு.”

அக்கா வாயைத் திறந்தபடியே உறைந்துவிட்டாள். இரண்டு சொல், ஒழுங்கான இரண்டு சொல். இருவரும் இருந்தார்கள். அடுத்து என்ன வரப்போகிறது என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, மின்விசிறி சுற்ற, தட்டில் பீன்ஸ் கிடக்க, இருந்துகொண்டே இருந்தார்கள். அடுத்து ஒன்றுமே வரவில்லை. அவரும் எதுவும் வைத்திருக்கவில்லை. அன்றைக்கு டீச்சர் சொல்லிக்கொடுத்தது அந்த இரண்டு சொல்தான். யார் அவசரப்படுத்தினாலும் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள், பிறகு நிதானமாகத் தேடிக்கொள்ளலாம் என்றிருக்கிறாள். அக்காவின் முகத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முதலில் அவர் சிரித்தார், அப்புறம் மனைவி, கடைசியில் புரிந்தும் புரியாமலும் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஒரு வாரத்துக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். அழைப்பு மணிக்கு ‘கொஞ்சம் இரு’, பொங்குகிற பாலுக்குக் ‘கொஞ்சம் இரு’, தொலைபேசியில் எதையோ விற்க வந்தவனுக்கும் ‘கொஞ்சம் இரு’. அவன் ரொம்ப நேரம் இருந்தானாம். பின் அறையில் பழுப்புப் பெட்டி பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு நின்றது. வகுப்பு ஒன்றுகூட அறுபடவில்லை. மாதங்கள் போகப்போகச் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. சில வந்துவிட்டுப் போய்விட்டன. கம்பத்திலிருந்து ஊர்க்கதை பேசிய வாய் முழுசாகத் திரும்பவில்லை, திரும்பாது என்று டீச்சரும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். ஆனால் அக்கா கேள்வி கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருக்கக் கற்றுக்கொண்டாள். மைக் முன்னால் முப்பது வருஷம் உட்கார்ந்தவளுக்கு அது சாமானியமான காரியம் அல்ல.

ஒருநாள் காலை மனைவி ஆலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வேன் தெருமுனையில் வந்து ஹாரன் அடித்தது. ஒரு காலில் செருப்பு, கையில் சாப்பாட்டுப் பை. கதவைத் திறக்கிற நேரத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது.

“கொஞ்சம் இரு.”

திரும்பினாள். அவர் முன் அறை நடுவில் நின்று சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். உதடு குவிந்தது, பிரிந்தது. இடது கை காற்றில் எதையோ பிடிக்கப் போய் வெறுமனே இறங்கியது. பசியா, மாத்திரையா, பால்காரரா என்று அவள் மனசுக்குள் பத்து யூகம் ஓடியது. ஒன்றையும் வெளியே விடவில்லை. வேன் இரண்டாவது தடவையாக ஹாரன் அடித்தது. டிரைவர் கோபக்காரர். அவள் செருப்பைக்கூட மாட்டாமல் நின்றாள்.

“குடை” என்றார்.

வானத்தைப் பார்த்தாள். மப்பும் மந்தாரமுமாக இருந்தது. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த குடையை எடுத்துக்கொண்டு, மற்றொரு செருப்பில் காலை நுழைத்து, வேனைப் பிடிக்க ஓடினாள்.